உயிரோடு இருப்பவர்களுக்கான விடுமுறை

1

இங்கே தேர்தலுக்கென்று யாருக்கும் விடுமுறை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் தொடக்கப் பள்ளிக்கு நான் காவலாள். வாக்குப்பதிவு அந்தப் பள்ளியில்தான் நடக்கும். ஊருக்கெல்லாம் ஓய்வுநாளான அந்த ஞாயிறு எனக்கு வேலைநாள். ஆறரைக்குப் போய்க் கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவைப்பேன். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. சீட்டு உள்ளே விழுந்ததும் பக்கத்தில் நிற்பவர் வாக்காளர் பெயரைச் சொல்லி, "வாக்களித்தார்!" என்று உரக்க அறிவிப்பார். பிறகு வாக்காளர் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். மற்றபடி கூடம் முழுக்கத் தாழ்ந்த குரல்கள்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போலப் பேசிக்கொள்வார்கள்.

போன ஞாயிறு என் மகள் ஸாராவுக்கு முதல் ஓட்டு. நான் மூன்று வாரம் கெஞ்சியதில் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். போட்டுவிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, நான் நின்றிருந்த வாசலுக்கு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பப்பா, கீழ் வீட்டு மதாம் செத்து இருக்காங்க, இல்ல? ஆனா லிஸ்ட்ல இருக்காங்க. என் பேருக்கு ரெண்டு லைன் மேல."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அந்த அம்மாள் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸாரா அப்படித்தான் பேசுவாள். பிரெஞ்சில் ஒருவர் 'செத்தவராக இருக்கிறார்'. அதை அப்படியே தமிழில் எடுத்து வைத்துவிடுவாள்.

"செத்து இருக்காங்கன்னு சொல்லக் கூடாதும்மா. செத்துப் போனாங்கன்னு சொல்லணும்."

"போனாங்கன்னா, எங்க?" என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள். பதில் சொல்வதற்குள் தோழிகளுடன் போய்விட்டாள்.

எனக்கு உடனே தேவராசு சாரின் நினைப்பு வந்தது. புதுச்சேரியில் அவரைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. அதுவும் ஒரு தேர்தல் நாள். அன்றைக்கு நடந்ததை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

2

என் ஊர் முதலியார்பேட்டை. இங்கே வந்து இருபத்துநான்கு வருடமாகிறது. மனைவி ஷமீமாவின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பம். அவளைக் கட்டிக்கொண்டு நானும் வந்தேன். சில வருடம் கழித்து நானும் அந்தக் குடியுரிமையை வாங்கிக்கொண்டேன்.

அத்தா இறந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன். எங்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அதற்குப் பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தார். குளியலறையில் இரண்டு முறை விழுந்த பிறகு, 'போதும், இங்கே கூட்டிவந்துவிடலாம்' என்று விசாவுக்கு எழுதிப் போட்டோம்.

கோப்பு திரும்பி வந்தது. அத்தா அம்மாவின் கல்யாணம் பழைய பிரெஞ்சு முறைப் பதிவேட்டில் இருக்கிறது. அதில் அத்தாவின் பெயர் யூசுப் என்பதைப் பிரெஞ்சுக்காரர் எழுதுகிற மாதிரி ஏகப்பட்ட எழுத்துகளோடு எழுதியிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் அதே பெயர் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்தில் முடிந்திருந்தது. இவர்கள் இரண்டு வேறு நபர்கள் என்றும், கணவர் இறந்ததற்குச் சான்று இல்லை என்றும் மிக மரியாதையான பிரெஞ்சில் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தின்படி அம்மா ஒருவருக்கு மனைவி, வேறு ஒருவருக்கு விதவை.

பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. தினமும் போய் நின்றேன். விசா நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கவுன்டரில் இருந்த விமலா என்ற பெண் சொன்னார்:

"நாளைக்கி லீவு சார். நாளான்னிக்கி வாங்க."

"லீவா? என்னா லீவு?"

"எலெக்சன் சார்!" ஊர்ச் சுவரெல்லாம் சின்னம் வரைந்து கிடக்கும்போது இப்படியும் ஒருவன் கேட்பானா என்று என்னைப் பார்த்தார்.

உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. இருபத்துமூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்த விடுமுறையை என் மண்டையிலிருந்து துடைத்துவிட்டிருந்தன. ஒரு காலத்தில் அதைப் பார்த்து ஏங்கியவன் நான். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஃபாக்டரியில் வேலை. தேர்தலன்றும் ஷிப்ட் உண்டு. எங்கள் தெருவில் அரசாங்க உத்தியோகக்காரர்கள் வீட்டில் அன்று கறிக்குழம்பு கொதிக்கும். நாங்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பறந்தால் கதவு சாத்துவதற்குள் கியூவில் நிற்கலாம். சட்டப்படி எங்களுக்கும் அன்று லீவு உண்டு என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

3

மறுநாள் காலை ஏழு மணிக்கே அம்மாவை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். அம்மா உள்ளே போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். திரும்பி வந்ததும் மை வைத்த விரலைக் காட்டினார். பிறகு மணிபர்சைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"உன்னுதும் வந்துருக்கு."

வாக்காளர் சீட்டு. என் பெயர், என் படம். இருபத்தெட்டு வயது மீசை. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டு முகவரியில் அவன் இன்னும் குடியிருக்கிறான்.

"எனக்கு ஓட்டு கெடயாதும்மா. நான் இந்த ஊர்க்காரன் இல்ல இப்ப. பேர அடிக்கச் சொல்லலியா நீ?"

"ஒவ்வொரு வாட்டியும் இந்த சீட்டு குடுக்கற டீச்சர் பொண்ணு வந்து கேக்குது, ஜாபர் இருக்காரான்னு. வெளிய போயிருக்கான், வந்துருவான்னு சொல்லி வாங்கி வச்சிக்குவேன்."

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்த அலுவலகத்தை நோக்கி நடந்தேன். ஒரு வாட்ச்மேனாவது இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம் என்ற நப்பாசைதான்.

அப்படி ஒரு புதுச்சேரியை நான் பார்த்ததில்லை. இரண்டு நாளுக்கு முன்புவரை காதைக் கிழித்த ஒலிபெருக்கிகள் அடங்கிவிட்டிருந்தன. ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஒயின் ஷாப் கதவுகளில் அரக்குச் சீல். அளவெடுத்து வெட்டிய அந்த நேர்த் தெருக்களில் இந்த முனையில் நின்றால் அந்த முனை வரை ஆள் இல்லை. எங்கோ பள்ளிக்கூட வாசல்களில் கூட்டம் இருந்திருக்கும். ஆனால் நான் நடந்த வழியில் இல்லை. என் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டு, பின்னால் ஒருவர் வருவது மாதிரி கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அலுவலகத்தின் இரும்புக் கேட் ஒருக்களித்திருந்தது.

4

உள்ளே வராந்தா இருட்டு. வரிசையாகப் பூட்டிய கதவுகள். கடைசி அறையில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. சுற்றிலும் சிவப்புத் துணியில் கட்டிய பதிவேடுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்த வாரம் முழுக்க விமலாவுக்குப் பின் மேசையில் தலை குனிந்தே இருந்த மனிதர்தான். நிமிராமலே சொன்னார்:

"உக்காருங்க சார்."

"சார், இன்னைக்கி லீவுன்னாங்க..."

"லீவுதான்."

"நீங்க?"

"வந்துருக்கேன்." பேனாவை மூடி வைத்தார். "யூசுப்பு கேசு தானே நீங்க? பேப்பரெல்லாம் கொண்டாந்திருக்கீங்களா?"

பையை அப்படியே நீட்டினேன். இரண்டு பதிவேடுகளை இறக்கி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்தார். பழைய பிரெஞ்சுக் கையெழுத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். தாத்தா பெயர், தெரு, பிறந்த வருடம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். அரை மணி நேரம் அவர் மூச்சுச் சத்தம் தவிர அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை. நடுவில் பூட்டிக் கிடந்த பக்கத்து அறையில் தொலைபேசி அடித்தது. நான் துள்ளிவிட்டேன். அவர் அசையவில்லை.

"அந்த மேசைக்கு லீவு," என்றார்.

கடைசியில் தலையாட்டினார். "ஒரே ஆளுதான். எழுதி வச்சிடறேன். நாளைக்கிப் பத்து மணிக்கு ஆபீசர் கையெழுத்து போட்டுருவாரு. இன்னைக்கித் தேதி போட முடியாது. இன்னைக்கி ஆபீசு இல்ல."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஓட்டு போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டேன். கேட்டபடியே அவருடைய இடது கை விரலைப் பார்த்தேன். மை இல்லை.

"எனக்கு ஓட்டு கெடயாது சார். ஓட்டு போடறதுக்குத்தான கவர்மென்ட்டு லீவு வுடுது? ஓட்டு இல்லாதவன் அந்த லீவ எடுத்துக்கறது தப்பு. மத்தவங்க மகாபலிபுரம் போவாங்க, படுத்துத் தூங்குவாங்க. அது அவங்க மனசாட்சி. இது உசுரோட இருக்கறவங்களுக்கு வுட்ட லீவு."

சொல்லிவிட்டு எழுந்தார். தேடவே இல்லை. அடுக்கிலிருந்து ஒரு பதிவேட்டை உருவி, ஒரே தடவையில் பக்கத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"படிங்க."

இறந்தவர் பெயர்: தேவராசு. தகப்பனார்: கோவிந்தன். ஊர்: அரியாங்குப்பம். தொழில்: அரசு ஊழியர்.

மேசையில் அவர் பெயர்ப் பலகை இருந்தது. தேவராசு. என் மனுவின் ஓரத்தில் அவர் சற்றுமுன் எழுதிய வரிகளின் ஈரம் காயவில்லை. அந்தப் பதிவேட்டில் இருந்ததும் அதே எழுத்து. அதே சுழிவு, அதே நீட்டல். கேட் வரை எத்தனை எட்டு என்று மனம் கணக்குப் போட்டது.

"பயப்படாதீங்க சார். என் எழுத்துதான். நான்தான் எழுதுனேன்."

அதன் பிறகு சொன்னார். ஏழுமலை என்று ஒரு தம்பி. ஒரு வயசு இளையவன். ஒரே ஜாடை. மில்லில் வேலை பார்த்தான். மில் மூடியதும் கிடைத்த வேலைக்குப் போனான். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனோடேயே இருந்தான். அண்ணனும் தனிக்கட்டைதான். ஒருநாள் நெஞ்சு வலி என்றான். டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போய்விட்டான். டவுனில் நடந்த சாவு என்பதால் பதிவு இந்த அலுவலகத்துக்கு, இந்த மேசைக்குத்தான் வந்தது.

"நாங்க எழுதறோம், நீங்க வீட்டுக்குப் போங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. என் தம்பிக்கு நான்தான் எழுதுவேன்னு ஒக்காந்தேன். எழுதுனேன். ஆபீசரு படிக்கல, கையெழுத்து போட்டாரு. நானும் படிக்கல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அடுத்த எலெக்சனுக்கு. சீட்டு குடுக்க டீச்சரம்மா வந்தாங்க. உங்க வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், ஏழுமலை இருக்காரான்னு கேட்டாங்க. தேவராசு பேர அடிச்சாச்சு, எறந்துட்டாருன்னு இருக்குன்னாங்க. வந்து இத எடுத்துப் பாத்தேன். என் கையி என் பேரத்தான் எழுதியிருக்கு."

"நீங்க என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"வெளிய போயிருக்கான், வந்துருவான்னு சொல்லி அந்த சீட்ட வாங்கி வச்சிக்கிட்டேன்."

இரண்டு மணி நேரத்துக்கு முன் அம்மா சொன்ன அதே வார்த்தைகள்.

"மாத்திடலாமே சார். உங்க கையிலதான இருக்கு எல்லாம்?"

"என் கையிலதான் இருக்கு," என்றார். பதிவேட்டை மூடினார். "என் பேர எடுத்தா அவன் பேர எழுதணுமே சார். இப்ப அவனுக்கு எல்லா எலெக்சனுக்கும் சீட்டு வருது. போட்டோவோட வருது. அவன் பேர்ல எவனும் ஓட்டு போட்டது கெடயாது, நான் வுட மாட்டேன். சாயந்தரம் பூத்து வாசல்ல போயி நிப்பேன். ஏஜென்ட்டுப் பசங்கள ஏழுமலை வந்தானாடான்னு கேப்பேன். இன்னும் வரலம்பாங்க. அத ஒரு வாட்டி கேட்டுட்டு வந்துருவேன்."

ஏதாவது சிக்கல் வந்தால் கூப்பிடுங்கள் என்று தன் கைபேசி எண்ணை மனு ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, நான் வந்தபோது செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்பினார். கிழிந்துபோன ஏட்டிலிருந்து எப்போதோ இறந்தவர்களின் பெயர்களைப் புதுத்தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் பத்து மணிக்கு அலுவலகம் சந்தையாக இருந்தது. மின்விசிறிகள் ஓடின. விமலா என் பெயரைக் கேட்டுவிட்டு, பின் மேசையில் பேப்பர்வெயிட்டின் கீழ் இருந்த தாளை எடுத்தார். முத்திரையும் கையெழுத்தும் எல்லாம் இருந்தன. அவருக்கே ஆச்சரியம்.

"ஆபீசரு கட்டோட கையெழுத்து போட்டு அனுப்பிச்சாரு. ஆனா இத எப்ப எழுதுனாங்க? முந்தாநேத்து பெண்டிங்ல இருந்துச்சு. நேத்து ஒருத்தரும் வரல."

நான் பின் மேசையைப் பார்த்தேன். "தேவராசு சார் இல்லியா?"

"எலெக்சனுக்கு மறுநா அவரு எப்பவும் சொந்த லீவு போட்டுருவாரு சார்."

தாளைக் கையில் வாங்கினேன். படிக்கப் பயமாக இருந்தது. சிரிக்காதீர்கள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ஜாபர் என்று இருக்கும் என்றே ஒரு கணம் நம்பினேன். அந்தக் கை அப்படியும் எழுதக்கூடிய கைதானே? வாசலுக்கு வந்து வெயிலில் நின்று நான்கு முறை படித்தேன். அத்தாவின் பெயர்தான். பிரெஞ்சு எழுத்துகளில் ஒருமுறை, 'என்கிற' போட்டு ஆங்கில எழுத்துகளில் ஒருமுறை. பதினோரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அத்தா ஒரே ஆளாக இறந்தார். அழுகை அப்போதுதான் வந்தது.

நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் இருந்து என் பெயரை நீக்கச் சொல்லும் படிவத்தை நிரப்பினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா காரணம் எழுதுன?"

"நான் இப்ப இந்தியாக்காரன் இல்லன்னு எழுதியிருக்கேன்."

அம்மா மை பட்ட விரலை முந்தானையில் தேய்த்தார். அது போகாது என்று தெரிந்தும் தேய்த்தார். "எழுதலன்னா மட்டும் இருந்தியா?" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

6

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். பின் அறையில், ஹீட்டரை ஒட்டிக் கட்டில். நகராட்சி அலுவலகத்தைப் புதுச்சேரியில் சொன்ன மாதிரியே 'மேரி' என்கிறார். இங்கேயும் அதற்கு அதே சொல் என்பதால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று ஸாராவிடம் சொல்லிக்கொள்கிறார்.

'போனாங்கன்னா, எங்க?' என்று ஸாரா கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில், பள்ளி முற்றத்தில் நின்றுகொண்டு தேவராசு சாருக்குப் போன் செய்தேன். நாலாவது மணியில் எடுத்தார். யாரென்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"யூசுப்பு கேசு. அம்மா நல்லாருக்காங்களா?"

"இங்கதான் இருக்காங்க சார். நீங்க எப்படி இருக்கீங்க?"

"ரிட்டயர் ஆயிட்டேன் சார். நாலு மாசம் ஆவுது." சற்று நிறுத்தினார். "எழுதிட்டேன்."

எதை என்று எனக்குத் தெரிந்தது.

பென்ஷன் காகிதங்கள் சரிபார்க்கும்போது சிக்கிக்கொண்டதாம். செத்தவனுக்கு எப்படிப் பென்ஷன் என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அலுவலகத்தில் விஷயம் தெரிந்து எல்லாரும் முதலில் சிரித்தார்களாம், பிறகு சிரிக்கவில்லையாம். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தார். கடைசியில், திருத்த உத்தரவு வந்ததும், வேறு யாரையும் தொடவிடாமல் அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"என் பேர அடிச்சேன். ஏழுமலைன்னு எழுதுனேன். இந்த வாட்டி படிச்சும் பாத்தேன். கை நடுங்கும்னு நெனச்சேன் சார். நடுங்கல. அதுதான் எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு."

"ஓட்டு லிஸ்ட்ல?"

"அங்கயும் எழுதிக் குடுத்தேன். அவன் பேர எடுத்துட்டாங்க, என் பேரு ஏறிடுச்சு. கார்டு வந்துச்சு போன மாசம்." அவர் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் யாராவது இருந்து கேட்டுவிடுவார்களோ என்பது போல. "பேரு என்னுது. அப்பா பேரு சரி, ஊரு சரி. போட்டோ அவன்து."

நான் காதில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "எப்படி சார்?"

"தெரியல. ஒரே வீடு, ஒரே ஜாடை. ரெண்டு பேப்பரும் ஒண்ணா போயிருக்கும், எங்கியோ மாறியிருக்கும். விமலாகிட்ட காமிச்சேன். நல்லாருக்கு சார், வயசு கொறஞ்சாப்புல தெரியறீங்கன்னுச்சு."

அவர் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்ததும் கேட்டேன்.

"மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"ஃபாரம் வாங்கியாந்து வச்சிருக்கேன். மேசமேலதான் கெடக்கு." செருமிக்கொண்டார். "அடுத்த எலெக்சனுக்குக் கருக்கல்லயே போயி மொத ஆளா நிப்பேன் சார். எத்தினி வருசம் ஆச்சு. கார்ட நீட்டுவேன். அவங்க கார்டப் பாப்பாங்க, என்னப் பாப்பாங்க. சரின்னு வெரல்ல மை வச்சு வுட்ருவாங்க. அவங்களுக்கு என்னா தெரியும்?"

மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து முற்றத்துக்கு ஓடி வந்தார்கள்.

"ஃபாரத்துல இன்னும் ஒண்ணும் எழுதல சார்," என்றார்.

எழுதுங்கள் என்று நானும் சொல்லவில்லை.